முப்பத்து நாலு வேலைக்காரிகளும் ஒரு நீதிபதியும்

உருளைக்கிழங்கின் தோல் ஒரே நாடாவாக, அறுபடாமல், அரசெலி பைலோனின் மடியில் இருக்கும் சட்டிக்குள் சுருண்டு விழுகிறது. கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. எசமானியின் மகள் யாரோடு ஓடிப்போனாள் என்று சமையற்காரி தோமாசா ஒட்டுக்கேட்கும் காட்சி. இயக்குநர் 'கட்' சொல்லி, விளக்குகள் அணைந்து, எல்லோரும் காப்பிக்குக் கலைந்த பிறகும் கத்தி நிற்பதில்லை. பாதியில் விட்டால் கிழங்கு கறுத்துவிடும் என்பது அவர் கட்சி.

மேஜைமேல் மெழுகில் செய்த கோழியும் வார்னிஷ் பூசிய ரொட்டியும் வைத்திருப்பார்கள். அவற்றை அவர் தொடுவதில்லை. "இந்தச் சவத்த எடுத்து அங்கிட்டு வையிங்க. இத வெட்டுத மாதிரி நடிச்சா என் கைக்கே வெக்கமா இருக்கு" என்பார். அதனால் அவருக்கு மட்டும் நிஜக் கிழங்கு, நிஜ வெங்காயம். சீவிய கிழங்கு சாயங்காலம் அவர் பையில் ஏறி, மாட்ரிட்டின் கராபன்செல் பகுதியில் உள்ள வீட்டுக்குப் போகும். மறுநாள் காலை முட்டை ஊற்றிச் சுட்ட கனத்த அடையாகத் திரும்பி வரும். முதல் துண்டு விளக்குக்காரர்களுக்கு.

"வெங்காயம் போட்டிருக்கா அக்கா?" என்று விளக்குக்காரர் பௌலினோ தினமும் கேட்பார்.

"வெங்காயம் போடாதவன் வீட்டுல நான் பச்சத்தண்ணி கூட குடிக்க மாட்டேம்லா" என்று தினமும் பதில் வரும்.

மத்தியானம் மூன்றரை மணித் தொடரில் பதினோரு வருடமாக அவர்தான் தோமாசா. மாட்ரிட்டில் அவரால் மீன் வாங்கக் கூட நிம்மதியாகப் போக முடியாது. முன்பின் பார்த்திராத பெண்கள் கையைப் பிடித்து இழுப்பார்கள். "ஏய் தோமாசா, அந்தக் கணக்கப்பிள்ளைய நம்பாதடி! அவன் கண்ணப் பாரு, களவாணிக் கண்ணு!" அரசெலி கோபித்துக்கொள்வதில்லை. "எனக்குத் தெரியாதா தாயி? எழுதுதவன் கேக்க மாட்டேங்கானே" என்று சொல்லிவிட்டு, மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்.

வயது அறுபத்தாறு. குள்ளம். நடையில் அவசரம். மாட்ரிட்காரர்கள் நாக்கைப் பல்லிடுக்கில் வைத்து 'அரத்தெலி' என்று கூப்பிடுவார்கள். தெற்கே, அவர் பிறந்த லுசேனாவில், அரசெலி. இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார். ஊர்க்காரர் கூப்பிட்டால் மட்டும் கொஞ்சம் வேகமாக.

தோமாசா அவருடைய முப்பத்து நாலாவது வேலைக்காரி. அதற்கு முன் முப்பத்து மூன்று பேர், மேடையிலும் தொலைக்காட்சியிலுமாக. பாத்திரம் தேய்த்தவர்கள், தாதிகள், காதல் கடிதம் கொண்டுபோனவர்கள், எசமானன் செத்த சேதியைச் சொல்லி அலறியவர்கள். கதை எழுதுகிறவர்கள் வேலைக்காரிகளுக்குக் குடும்பப் பெயர் வைப்பதில்லை. அரசெலி வைப்பார். வசனப் பிரதியின் முதல் பக்கத்தில் பென்சிலால் குடும்பப் பெயர், பிறந்த ஊர், செருப்பின் அளவு மூன்றையும் எழுதிய பிறகுதான் வசனத்தையே படிப்பார். தோமாசாவின் செருப்பு முப்பத்தொன்பதாம் அளவு. "கால் கடுக்க நிக்கவளுக்கு எந்தச் செருப்புன்னு தெரியாம எப்பிடி நிக்கது?"

பத்தொன்பது வயதில் ஒற்றைப் பெட்டியோடு மாட்ரிட் வந்தவர். தெற்கத்திப் பேச்சு, சொல்லின் கடைசி எழுத்து வாய்க்குள்ளேயே தங்கிவிடும். நடிப்புப் பள்ளியில் குரல் பயிற்சி கொடுத்த வாத்தியார் முதல் நாளே, "நாக்கக் கழுவிட்டு வா" என்றார். அரசெலி கழுவினார். இரண்டரை வருடம், பல்லிடுக்கில் பென்சிலைக் கடித்துக்கொண்டு, வானொலிச் செய்தியைக் கூடவே சொல்லிச் சொல்லி, கடைசி எழுத்தை ஒவ்வொன்றாக மீட்டெடுத்தார். அந்தச் சுத்தமான பேச்சோடு ஒரு நாடகக் குழுவுக்குத் தேர்வுக்குப் போனார். பிரபு வீட்டுப் பெண் வேடம். நன்றாகவே செய்தார். வெளியே வந்து, குடையைக் காணோமென்று வாயிற்காவலரிடம் பதறியபோது ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. குழுவின் முதலாளி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏம்மா, இத வச்சிக்கிட்டா அத பேசிட்டு இருந்த? உனக்கு வேல ரெடி. வேலைக்காரி வேஷம்!"

அதோடு சரி. கழுவிய நாக்கு நாற்பத்து நாலு வருடம் பெட்டியிலேயே இருந்தது. அவர் வாயைத் திறந்தால் ஜனங்கள் சிரித்தார்கள். சிரிப்பு சோறு போட்டது. அரசெலி நொடித்துப்போகவில்லை, வருத்தம் இருந்ததா என்று யாரும் கேட்கவும் இல்லை.

போன வருடம் அக்டோபரில் நெகானே என்ற பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். முப்பத்து நாலு வயது, வடக்கே பாஸ்க் நாட்டுக்காரி, சின்ன நாடகக் குழுவின் இயக்குநர். ஒலிவ எண்ணெய் ஆலையில் இயந்திரம் விழுந்து ஒரு கூலிக்காரன் சாகிறான்; ஆலை முதலாளி மேல் ஒரு நாள் விசாரணை. அதுதான் நாடகம்.

"நீதிபதி வேஷம் உங்களுக்குன்னு நினைச்சிருக்கேன்."

"நீதிபதி வீட்டு வேலைக்காரியா?"

"இல்லைங்க, நீதிபதி."

"நீதிபதிக்க அம்மையா?"

"நீதிபதிங்க. தீர்ப்பு சொல்ற நீதிபதி."

"பொறவு கூப்பிடுதேன்" என்று அரசெலி வைத்துவிட்டார். அடுப்பை அணைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு, சரி என்றார்.

ஒத்திகையின் முதல் நாளில் அவர் பெட்டியைத் திறந்து பழைய நாக்கை வெளியே எடுத்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. மற்ற நடிகர்கள் பிரதியிலிருந்து தலை தூக்கிப் பார்த்தார்கள். நெகானே மட்டும் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப நல்லா இருக்கு. ஆனா வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு. நான் உங்க ஊர்ப் பக்கம், கோர்தோபா கோர்ட்ல ரெண்டு நாள் உக்காந்து பாத்தேன். அங்க நீதிபதியம்மா உங்கள மாதிரியேதான் பேசினாங்க. நீங்க பேசுற மாதிரியே பேசுங்களேன்."

"ஏட்டி, உனக்கு வெளங்கல. அவிய நீதிபதி ஆன பொறவு வாயத் தொறந்தாவ. நான் வாயத் தொறந்தா சமையக்காரி. கறுப்பு அங்கிய மாட்டிக்கிட்டு இந்தப் பேச்சப் பேசுனா கொட்டகையே சிரிக்கும். செத்துப்போனவன் கதையில சிரிப்பு கேக்கணுமா உனக்கு?"

நெகானே இரண்டு மாதம் கேட்டுப் பார்த்தாள். பலிக்கவில்லை.

மாட்ரிட்டில் ஒரு சின்ன அரங்கில் முதல் நிகழ்ச்சி. சுத்தமான பேச்சோடு முடிந்தது. கைதட்டல் இருந்தது. பத்திரிகையில் அவரைப் பற்றி ஒரே வரி: நீதிபதியாக வரும் பைலோன் சரியாகச் செய்திருக்கிறார். அரசெலி அதை மறுநாள் ஒப்பனை நாற்காலியில் பௌலினோவுக்கு வாசித்துக் காட்டினார். "சரியாச் செஞ்சிருக்கேனாம். பல்லு வெளக்குன மாதிரி."

அந்த வாரம் தங்கை சியேரா, லுசேனாவிலிருந்து நாடகம் பார்க்க வந்தாள். மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடிக்கும் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாதவள். நாடகம் முடிந்து மூலைக்கடையில் ஆளுக்கொரு பியரும் ஒரு தட்டு வறுத்த நெத்திலியும் வாங்கி உட்கார்ந்தார்கள்.

"எப்பிடிட்டி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா. ஆனா அந்த நீதிபதியம்மாளப் பாத்து எனக்குப் பயமே வரல."

"பயமா?"

"நம்ம அம்மை ஒலிவத் தோட்டத்துல மேஸ்திரியா நிப்பாள்லா. நாப்பது ஆம்பளைக. 'இங்க வா'ன்னு மெல்லத்தான் சொல்லுவா. ஒருத்தன் இருமுவானா? அவ எந்தப் பேச்சுல சொன்னா? மாட்ரிட் பேச்சுலயா சொன்னா?"

அரசெலி நெத்திலியின் முள்ளைத் தட்டு ஓரத்தில் அடுக்கிக்கொண்டே இருந்தார். தங்கையை ரயிலேற்றிவிட்டு வந்த இரவு, வசனப் பிரதியை எடுத்துத் தன் பேச்சில் ஒருமுறை மெல்ல வாசித்தார். பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியதாக அவர் சொல்வார். அதை முழுக்க நம்ப வேண்டியதில்லை.

பிப்ரவரியில் வெளியூர் நிகழ்ச்சிகள் தொடங்கின. மூன்றாவது ஊர் வயாதோலித். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணி ஆட்டம். வேனில் போகும்போது, முன் இருக்கையிலிருந்து திரும்பாமலே அரசெலி சொன்னார்:

"இன்னைக்கு எங்க ஊர்ப் பேச்சுலயே பேசப்போறேன்."

நெகானேவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ரெண்டு மாசம் கெஞ்சினேனே, அப்ப முடியாதுன்னீங்க! இன்னைக்குப் போயா? நாட்டுலயே சுத்தமான பேச்சு எங்களோடதுன்னு மார்தட்டுற ஊருங்க அது!"

"அதான். அங்க சிரிச்சாத்தான் சிரிப்புன்னா என்னன்னு தெரியும். அதத் தாண்டிட்டா பொறவு எங்கயும் தாண்டலாம்லா."

"ஒத்திகை பாக்கலையே..."

"அறுவது வருசமா ஒத்திகதான்ட்டி பாத்துக்கிட்டு இருக்கேன்."

அறுநூறு இருக்கையும் நிறைந்திருந்தது. பாதிக்கு மேல் மூன்றரை மணித் தொடர் பார்க்கிற பெண்கள். தோமாசாவை நேரில் பார்க்கலாம் என்று வந்தவர்கள். திரை விலகியது. முதலாளியாக நடித்தவரும் வக்கீல்களும் எழுந்து நின்றார்கள். கறுப்பு அங்கியில் அரசெலி வந்து மேஜைக்குப் பின்னால் நின்றார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவருடைய முதல் வசனம் பிரதியில் இப்படி இருந்தது: 'உட்காருங்கள். நான் கேட்கும்போது மட்டும் பேசுங்கள்.'

"எல்லாரும் இரிங்க" என்றார் அரசெலி. "நான் கேக்கும்போது பேசுனாப் போதும்."

கொட்டகை சிரித்தது. கொஞ்சநஞ்சமல்ல, பின்வரிசையிலிருந்து அலையாக வந்து மேடையில் மோதிய சிரிப்பு. "தோமாசா, சூப்பு ஆறிப்போச்சுடி!" என்று பால்கனியிலிருந்து ஒரு குரல். அதற்கு இன்னொரு சிரிப்பு. விளக்கு மேஜையருகே நின்றிருந்த நெகானே கண்ணை மூடிக்கொண்டாள்.

அரசெலி அடுத்த வசனத்துக்குப் போகவில்லை. சிரிப்பை மீறிக் கத்தவும் இல்லை. இரண்டு கையையும் மேஜைமேல் ஊன்றி, கூட்டத்தைப் பார்த்தபடி நின்றார். முறைக்கவில்லை. அடுத்த கூடைக்கு ஆள் வரட்டும் என்று மரத்தடியில் நிற்கிறவளைப் போல நின்றார். சிரிப்பு மெலிந்தது. யாரோ மறுபடி தொடங்கி, துணைக்கு ஆளில்லாமல் நிறுத்தினார்கள். வக்கீல்களுக்கு முன்பே உட்கார்ந்துவிட்ட முதலாளி நடிகர், யாரும் சொல்லாமலே, தானாக எழுந்து நின்றார். அது பிரதியில் இல்லை. கால் தானாக எழுந்தது என்று பிற்பாடு சொன்னார்.

முழு அமைதி வந்த பிறகும் அரசெலி ஒரு மூச்சு பொறுத்தார். அப்புறம், முன்னைவிடத் தணிந்த குரலில், அதே பேச்சில் சொன்னார்:

"எல்லாரும் இரிங்க. நான் கேக்கும்போது பேசுனாப் போதும்."

முதலாளி உட்கார்ந்தார். வக்கீல்கள் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வரிசையில் கோட்டைக் கழற்ற எழுந்திருந்த ஒரு பெரியவர், ஒரு கை கோட்டுக்குள்ளேயே இருக்க, சட்டென்று உட்கார்ந்தார்.

அதன்பின் ஒன்றேகால் மணி நேரம் யாரும் இருமவில்லை. செத்தவனின் பெயரை நீதிபதி முதலாளியைச் சொல்லச் சொல்லும் இடம் உண்டு. மாட்ரிட்டில் அது ஒரு வசனம், அவ்வளவே. இங்கே, "அவன் பேரச் சொல்லும்" என்று அரசெலி மெல்லக் கேட்டபோது, பால்கனியில் ஒரு பெண் விசும்பியது மேடைவரை கேட்டது. நெகானே விளக்கு மாற்றச் சொல்ல மறந்துபோனாள்.

முடிந்ததும் மேடைவாசல் வழியில் வழக்கமான கூட்டம் நின்றது. வழக்கமான இழுபறி இல்லை. "தோமாசா" என்று யாரும் கூப்பிடவில்லை. "நீங்க ரொம்ப நல்லா பண்ணீங்கம்மா" என்று ஒருவர் பின் ஒருவராகச் சொல்லி, கையெழுத்து வாங்கி நகர்ந்தார்கள். அரசெலி மரபெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் பையையும் ஒப்பனைப் பெட்டியையும் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வெளியே வேன் இரண்டுமுறை ஹாரன் அடித்தது.

கடைசியாக ஒரு பெண்மணி நின்றார். எழுபது இருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத பழைய கோட்டு; சோடாக்காரம் தின்ற விரல்கள். மிகச் சுத்தமான வயாதோலித் பேச்சில், ஒவ்வோர் எழுத்தையும் ஊன்றி, தொடங்கினார்.

"வணக்கம் அம்மா. நான் இந்த ஊரில் ஐம்பது ஆண்டுகளாக ஒரு மருத்துவர் வீட்டில் வேலை செய்கிறேன். உங்கள் நாடகம்..."

அங்கே நின்றுவிட்டார். நிகழ்ச்சித்தாள் கையில் சுருண்டது.

"நான் காப்ராக்காரிம்மா" என்றார் பிறகு. குரல் மாறியிருந்தது, கடைசி எழுத்துகள் வாய்க்குள் போயிருந்தன. "உங்க ஊருக்கு அடுத்த ஊருதாம்லா. வந்த புதுசுல அந்த வீட்டுல இந்தப் பேச்சப் பேசாதன்னுட்டாவ. புள்ளைகளுக்கு ஒட்டிக்கிடுமாம். பொறவு எனக்கே மறந்துபோச்சு."

நெகானே வாசலில் தலை நீட்டி, "அரத்தெலி, வண்டி காத்துக்கிட்டு இருக்கு" என்றாள்.

அரசெலி பையை எடுத்துத் தரையில் வைத்தார். ஒப்பனைப் பெட்டியையும் இறக்கினார். காலியான இடத்தை உள்ளங்கையால் இரண்டு முறை துடைத்துவிட்டு, பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.