கழிவறை வாசலில் ஒரு ரிப்பன்

என் மகளின் தண்ணீர் பாட்டில் காலையில் எப்படிப் போனதோ அப்படியே மாலையில் திரும்பி வரும். பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் அதில் ஒரு மடக்குக்கூடக் குறைந்திருக்காது. பள்ளியில் தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கிறார்கள். மணி அடித்ததும் பாட்டிலை வாயில் வைத்து, உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு மூடிவிடுவாளாம். அவள் மட்டுமல்ல, பெரிய வகுப்புப் பெண் பிள்ளைகள் எல்லோருமே அப்படித்தான். நான் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுத் தலைவி. பட்டம்தான் பெரிது. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மாத்திரை பேக்கிங் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து படுக்கிற எனக்கு இந்த நடிப்பு தெரியவே இல்லை.

காலை வழிபாட்டில் அவள் மயங்கி விழுந்த அன்றுதான் தெரிந்தது. நீர்க்கடுப்பு, காய்ச்சல். "தண்ணி குடிக்காம இருந்தா இது திரும்பத் திரும்ப வரும்மா. கிட்னி வரைக்கும் போயிடும்" என்றார் டாக்டரம்மா. வீட்டுக்கு வந்ததும் மகளைப் பிடித்து உலுக்கினேன்.

"குடிச்சா போவணும்ல? எங்க போறது? பசங்க கருவேலங்காட்டுக்கு ஓடிடறானுங்கோ. நாங்க இன்னா பண்றது?" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே, "நான் இனிமே ஸ்கூலுக்குப் போவலம்மா. பரீட்சை மட்டும் எழுதிட்டு வரேன்" என்றாள்.

எங்கள் தெருவில் 'கொஞ்ச நாள் வீட்டில் இருக்கட்டும்' என்று நின்ற பெண் பிள்ளைகள் யாரும் திரும்பப் பள்ளிக்குப் போனதில்லை.

இத்தனைக்கும் பள்ளி வளாகத்தில் புத்தம் புதுக் கழிவறை நின்றுகொண்டிருந்தது. பழையதை இடித்துவிட்டு ஒரு கம்பெனி கட்டிக் கொடுத்தது. வெள்ளை டைல்ஸ், முகம் பார்க்கும் கண்ணாடி, குழாயில் தண்ணீர் எல்லாம் உண்டு. கதவில் பூட்டு, குறுக்கே சிவப்பு ரிப்பன். கம்பெனியின் பெரியவர் சென்னையிலிருந்து வந்து ரிப்பனை வெட்டினால்தான் திறக்கலாம். அவரோ இந்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்று சொல்லியிருப்பேன். கழிவறைக்கு அந்தப் பழமொழி வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன். ஊரே அதைப் பெருமையாகப் பூட்டி வைத்திருந்தது. அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

மறுநாளே தலைமை ஆசிரியையிடம் போய் நின்றேன். கெட்டவர் இல்லை. அந்தக் கட்டடத்துக்காகக் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கியவர். "அவங்க கோச்சிக்கிட்டா, அடுத்து காம்பவுண்டு சுவர் கட்டித் தரேன்னு சொன்னது போயிடும்மா" என்றார்.

"செவுரு வந்து இன்னா மேடம் பண்றது? உள்ள பொண்ணுங்களே இருக்க மாட்டாங்கோ" என்றேன்.

அன்று மாலையே சத்துணவுக் கூடத்தில் அம்மாக்களைக் கூட்டினேன். திறக்கலாம் என்று பாதிப் பேர், வேண்டாம் என்று பாதிப் பேர். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். "இன்னா இது, பட்டுப்புடவையா? பொட்டியில வெச்சிக்கினு அழகு பாக்கறதுக்கு!" என்று கத்திவிட்டேன்.

பள்ளி முனையில் இட்லி சுட்டு விற்கும் நாஷ்டாக் கடை போட்டிருப்பவள்தான் முதலில் பேசினாள். "இன்னாத்துக்கு யக்கா கத்திக்கினு கீற? ரிப்பன்தான? காலையில அவுப்போம், சாயங்காலம் கட்டுவோம். அவரு வர்ற அன்னிக்கி அவுக்காம வுட்டுடலாம்."

கூடமே சிரித்தது. தலைமை ஆசிரியையும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கைப்பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

மறுநாள் காலையில் கற்பூரம் ஏற்றி, தேங்காய் உடைத்துத் திறந்தோம். யாருக்கு எந்த ஷிப்டோ அதற்குத் தகுந்தபடி முறை வைத்துக்கொண்டு நாங்களே கழுவிவிட்டோம். "ரெண்டே நாள் வந்து பாரு" என்று கெஞ்சி மகளை அழைத்துப் போனேன். தண்ணீர் மணி அடித்தால் இப்போது பிள்ளைகளின் தொண்டை நிஜமாகவே ஏறி இறங்கியது. காலையில் அவிழ்ப்பதும் மாலையில் கட்டுவதுமாக ரிப்பன்தான் அழுக்கேறிக்கொண்டே வந்தது.

அது பொறுக்காமல் ஒரு நாள் நாஷ்டாக் கடைக்காரி ரிப்பனைத் துவைத்து வீட்டுக் கொடியில் காயப்போட்டுவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டாள். சொல்லாமல் கொள்ளாமல் பெரியவரின் கார் அன்றைக்குத்தான் வந்து நின்றது. கழிவறை கழுவ வந்த நான் ப்ளீச்சிங் பவுடர் வாளியோடு திருதிருவென்று விழித்தேன். தலைமை ஆசிரியைக்கு வியர்த்துக் கொட்டியது. அப்போது என் மகள் தன் இரட்டைச் சடையில் ஒன்றை உருவி அவிழ்த்தாள். அதுவும் சிவப்பு ரிப்பன்தான். பெரியவர் காரிலிருந்து இறங்கி, சால்வை போட்டுக்கொண்டு, நடந்து வருவதற்குள் அவளும் தோழிகளும் கதவைச் சாத்திக் குறுக்கே கட்டிவிட்டார்கள்.

காரைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து அம்மாக்களும் ஓடி வந்து சேர்ந்தார்கள். கேமரா தயாரானது. பெரியவர் வெட்டினார். நாங்கள் கை தட்டினோம். அந்த நேரம் பார்த்துக் கதவு உள்ளிருந்து திறந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, "குட்மார்னிங் சார்" என்றது.

கை தட்டல் அப்படியே நின்றுவிட்டது. "முன்னாடியே திறந்துட்டீங்களா?" என்று கேட்டார் பெரியவர்.

பயந்து என்ன ஆகப்போகிறது? வாளியைக் கீழே வைத்தேன். "ஆமா சார். நீங்க வர்ற வரைக்கும் எங்க பொண்ணுங்கோ தண்ணி குடிக்காம மயக்கம் போட்டு வுழுந்துக்கினு இருந்தாங்கோ. நான்தான் தொறந்தேன்."

அவர் கையிலிருந்த ரிப்பனைப் பார்த்தார். நீளமாக ஒரு முடி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு, ஒரு சடை அவிழ்ந்து நின்ற என் மகளைப் பார்த்தார். "இதுக்குப் போய் நான் வர்ற வரைக்கும் காத்திருக்கச் சொல்லியிருக்கவே கூடாதும்மா" என்று தணிந்த குரலில் சொன்னார். காம்பவுண்டு சுவருக்கு எங்கே அளக்க வேண்டும் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டார். அத்தனை அம்மாக்களும் மறுபடி கை தட்டினோம். இந்த முறை நிஜமாகவே தட்டினோம். எனக்கு உள்ளங்கை எரிந்தது.

மாலையில் மகள் பையை வீசிவிட்டு விளையாட ஓடப் பார்த்தாள். பாட்டிலை எடுத்துக் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது எனக்குத்தான்.

"எம்மா, இன்னா நின்னுக்கினே கீற? கடைக்குப் போய் ரிப்பன் வாங்கிக்கினு வா. ஒத்த ரிப்பனோட நாளைக்கி ஸ்கூலுக்கு எப்படிப் போறது?" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன்.