முந்தல் வரும்வரை

ஞாயிற்றுக்கிழமை கூட முனீஸ்வரி மலைக்குப் போக வேண்டியிருந்தது. மழை விட்டதும் ஏலக்காய் ஒரே சீராக முற்றிவிட்டது. விட்டுவைத்தால் வெடித்துவிடும் என்று தோட்டத்துக் கங்காணி எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். அரை நாள்தான். மதியத்துக்குமேல் ஜீப் போடிமெட்டிலிருந்து இறங்கியபோது, மாற்றுப் புடவை வைத்திருந்த பையை அவள் மடியிலேயே வைத்திருந்தாள்.

"என்ன ஆத்தா, பையெல்லாம் பலமா இருக்கு?" என்றார் டிரைவர் பிச்சைமணி.

"காலேசுக்குப் போறேண்ணே. வெரசா ஓட்டுங்க, பெல் அடிச்சிருவாய்ங்க."

ஜீப்பே சிரித்தது. அவளுக்கு அது போதவில்லை. போடியில் வரலாறு படித்த மூன்று வருடமும் வகுப்பைச் சிரிக்க வைத்தவள் அவள். சிலமலை பஸ் கண்டக்டர் மாதிரி, பாடம் நடத்தும்போதே கொட்டாவி விடும் பேராசிரியர் மாதிரி பேசிக் காட்டுவாள். கல்யாணமாகி, கொஞ்ச காலம் தனியார் பள்ளியில் வேலை பார்த்து, போர்க்கிணறு வற்றி வயலும் கைவிட்ட பிறகு ஏலக்காய் எடுக்கப் போனாள். பள்ளிக்கூடச் சம்பளத்தைவிட மலைக்கூலி மேல். இப்போது வீட்டில் அவள் பேசுவதே குறைவு. பழைய வகுப்பு கூடுகிறது என்று வாட்ஸ்அப்பில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான்: ஒரு சாயங்காலமாவது பழைய முனீசாக இருந்துவிட வேண்டும். காய் எடுக்கக் குனிந்தபடியே கண்டக்டர் குரலை முணுமுணுத்துப் பார்த்திருந்தாள்.

ஜீப்பில் ஏறியதும் பக்கத்தில் இருப்பவர் தோளில் சாய்ந்து தூங்குவது தோட்டத்துப் பெண்களின் வழக்கம். காலையில் தண்ணீர்க் குடத்துக்குச் சண்டை போட்டவளின் தோளானாலும் சரி. கொண்டை ஊசி வளைவெல்லாம் முடிந்து, அடிவாரத்தில் முந்தல் வந்ததும் பிச்சைமணி ஒரு ஹாரன் அடிப்பார். எல்லோரும் எழுந்துகொள்வார்கள். அன்று மட்டும் முனீஸ்வரி தூங்கவில்லை. தூங்கினால் முகம் வீங்கிவிடும் என்று பயம்.

வகுப்பு கூடியிருந்த கல்யாண மண்டபத்தில் அவளை முதலில் கண்டுபிடித்தவள் வீரலட்சுமி. கல்லூரிக்கு அவளோடு ஒரே பஸ்சில் போய் வந்தவள். இப்போது கோயம்புத்தூரில் பேங்க் வேலை.

"ஏண்டி, இப்படி இளைச்சுப் போயிட்ட?"

"உன் பங்கையும் சேத்து நானே இளைச்சுட்டேன்டி. உன்னப் பாத்தா தெரியுதுல்ல."

வீரலட்சுமி அவள் முதுகில் ஒன்று போட்டாள். கையைப் பிடித்தவள், விரல்களில் ஏறியிருந்த காய்க்கறையைப் பார்த்தாள். கடைசி வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

மேடையில் ஒவ்வொருவர் பேச்சும் நீண்டது. தலைக்குமேல் மின்விசிறி. பிளாஸ்டிக் நாற்காலியானாலும் முதுகு சாய இடம் இருந்தது. 'என் முறை வரும்வரை கண்ணை மூடாதே' என்று முனீஸ்வரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மலை இறங்கிய உடம்பு கேட்கவில்லை. தலை தானாகப் பக்கத்துத் தோளுக்குப் போனது.

மைக் பிடித்திருந்த வகுப்புத் தோழன் செழியன், "அடுத்தது நம்ம முனீசு! அந்தக் கண்டக்டர ஒருக்கா காட்டு!" என்று கத்தினான். மைக் கீச்சென்று அலறியது.

முனீஸ்வரி திடுக்கிட்டு எழுந்து நின்றாள். "முந்தல் வந்துருச்சா? நிறுத்துண்ணே, காலு மரத்துப் போச்சு, மெல்ல எறங்கிக்கிறேன்!"

மண்டபம் அதிர்ந்தது. கைதட்டினார்கள். "அப்படியே இருக்கா பாரு!" "பஸ்சையே கொண்டாந்துட்டாப்பா!" என்று குரல்கள். செழியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "இன்னொருக்கா, முனீசு!"

அவளுக்கு எங்கே நிற்கிறோம் என்று புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சுட்டது. எத்தனையோ நாளாகப் பழகிய கண்டக்டர் குரல் தொண்டையில் அப்படியே கிடந்தது. கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள். அதற்கும் சிரித்தார்கள்.

"நல்லாத்தான நடிச்சேன்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

வீரலட்சுமியின் பட்டுப்புடவைத் தோளில் அவள் கன்னம் பட்ட இடம் கசங்கி ஈரமாக இருந்தது. அதை வீரலட்சுமி துடைக்கவில்லை.

"குறட்டை விட்டடி, கழுத," என்றாள். "நாளைக்கும் மலைக்கா?"

"விடியுமுன்ன ஜீப்பு."

"அப்ப சாஞ்சுக்க. போட்டோ எடுக்கையில எழுப்புறேன்."

முனீஸ்வரி மறுபடி அந்தத் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். போட்டோ எடுக்க எல்லோரையும் மேடைக்குக் கூப்பிட்டபோது வீரலட்சுமி எழுந்திருக்கவும் இல்லை, அவளை எழுப்பவும் இல்லை. வாயில் விரலை வைத்துக் காட்டினாள். மேடையேறியவர்கள் கொஞ்சம் தயங்கிவிட்டு, ஒவ்வொருவராக இறங்கி, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போட்டோவுக்குக் கடைசி வரிசைக்கே வந்தார்கள்.