மஞ்சிட்டிச் சிவப்பு

புனே லோஹேகாவில் விமானப்படைக் குடும்பங்களிடையே வேதநாயகியை மஞ்சிட்டி டீச்சர் என்றால்தான் தெரியும். அந்தக் காலத்தில் துணிக்குச் சாயம் ஏற்றிய வேர் அது. முகத்தில் மங்கு என்று வந்தால் தேனில் குழைத்துப் பூசச் சொல்வாள்; சொறி, சிரங்கு என்றால் கஷாயம். ரத்தம் சுத்தமாகும் என்று டாக்டருக்கே பாடம் எடுப்பாள். மருந்து கேட்டு வந்தவர்கள் போகும்போது ஓர் எச்சரிக்கையும் உண்டு.

"யூரின் செவப்பா போகும், பயந்துடாதீங்க. வேரோட சாயம்தான். மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

அவள் சொன்னதில் முதல் பாதி பொய்யில்லை. அதுதான் வினையாயிற்று.

1999 மழைக்காலத்தில் அவள் கணவர் ஜம்புநாதனுக்குக் காலில் கரப்பான் புண் வந்தது. விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்று, ரஞ்சன்காவ் தொழிற்சாலை ஒன்றில் செக்யூரிட்டி வேலை பார்த்தார். நாளெல்லாம் பூட்ஸுக்குள் கால் புழுங்கியது. வேதநாயகி காலையில் ஒரு டம்ளர் கஷாயம் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாள். இரண்டே மாதத்தில் கால் ஆறியது. அவள் விடுகிறவளா? அடியோடு போகட்டும் என்று தொடர்ந்து காய்ச்சினாள். சாயங்காலம் திரும்பியதும் ஒரே கேள்விதான்.

"செவப்பா போகுதா?"

"போகுது."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

பொங்கலுக்கு அப்புறம் மனிதர் இளைத்தார். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டார். கெட்ட நீர் வற்றுகிறது என்று அதற்கும் அவளே காரணம் சொன்னாள். வலி எதுவும் இல்லை என்றார் அவர். வலித்திருந்தாலாவது தேவலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிவறையில் அவர் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். உள்ளே போன வேதநாயகி அப்படியே நின்றாள். மஞ்சிட்டியின் சிவப்பு ஒரே சீராகக் கலந்திருக்கும். இதில் திட்டுத் திட்டாக ஏதோ உறைந்திருந்தது. கஷாயம் அதிகமாகிவிட்டது, நிறுத்தினால் சரியாகிவிடும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஏங்க, நாளையிலேர்ந்து கஷாயம் வேணாம். ஒரு வாரம் நிறுத்திப் பாப்போம்."

ஜம்புநாதன் பேப்பரை மடித்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"கோச்சுக்காத வேதா. கசப்பு தாங்கல. கால் ஆறுனதுமே விட்டுட்டேன். நீ போனதும் சிங்க்ல ஊத்திடுவேன்."

"எப்பலேர்ந்து?"

"கணபதி பண்டிகைக்கு முன்னாடியே. உள்ள எறங்குன சாயம் மெல்ல வெளியேறுதுன்னு நெனச்சேன்."

கணபதி, தீபாவளி, பொங்கல் எல்லாம் போய் ஹோலி வந்துகொண்டிருந்தது. ஆறு மாதம் தினமும் கேட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் அவள்தான்.

"சட்டையப் போடுங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றாள். அவளே போய் அவர் சட்டையை எடுத்து வந்தாள்.