ரங்கூன் தட்டு

நீலச் சித்திரம் போட்ட அந்தப் பீங்கான் தட்டை எங்கள் வீட்டில் 'ரங்கூன் தட்டு' என்றுதான் சொல்வோம். தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, போர்க்காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ரங்கூனிலிருந்து தம்பிகள் இருவரோடு நடந்தே கிளம்பியவர். ஊர் வந்து சேர்ந்தது அவர் மட்டும். தட்டை மார்போடு கட்டிக் கொண்டுவந்தாராம். தாத்தா அப்படிச் சொன்னாரா, அப்பாவே சேர்த்துக்கொண்டாரா, தெரியாது. தட்டில் அடுக்குக் கூரை வீடு, மரம், இரண்டு பறவைகள், ஒரு பாலம், அதன் மேல் மூன்று ஆட்கள். அந்தக் கூரை ரங்கூன் கோபுரமேதான் என்பார் அப்பா. அதில் யாரும் சோறு தின்றதில்லை.

என் தம்பி காளவாசலில் புதுவீடு கட்டியதும் தட்டைச் சுவரில் மாட்டியே தீருவேன் என்று நின்றான்.

"கீழ வருசத்தை எழுதி வைக்கணும்க்கா. நீதான் போன்ல எல்லாத்தையும் நோண்டுவியே, கண்டுபிடிச்சுக் குடு."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். "எம்புட்டு வருசம்னு நல்லாப் பாரு தாயி. எங்கய்யா அங்கிருந்து கொண்டாந்ததுல மிச்சம் அது ஒண்ணுதான்."

பின்பக்கம் முழுக்க அழுக்கு. பழைய பிரஷ்ஷில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். நீல ஆங்கில எழுத்துகள் தெரிந்தன: 'மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்'. போனில் தேடினேன். போரில் தோற்ற ஜப்பான் அமெரிக்காவின் பிடியில் இருந்த சில வருஷங்களில்தான் அப்படி முத்திரை குத்தினார்களாம். தாத்தா நடந்து வந்ததோ போர் முடிவதற்கு வெகு முன்பு. அப்போது இந்தத் தட்டைச் செய்யவே இல்லை.

சே, சும்மா கிடந்ததை எதற்குத் தேய்த்தோம் என்று ஆகிவிட்டது. தம்பியிடம் சொன்னால் சிரிக்கிறான். "அட போக்கா! குண்டு போட்டு விரட்டுனவன் ஊருத் தட்டையா இம்புட்டு நாளாக் கும்பிட்டோம்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்பாவிடம் மூச்சு விடாதே என்றான். என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது? மறுநாள் காபியைக் கையில் கொடுத்துவிட்டு, சொல்லிவிட்டேன்.

அப்பா கோபப்படவில்லை. "அப்ப எங்கய்யா வெறுங்கையோடதான் வந்துருக்காரு," என்றார்.

"இங்க வந்தப்புறம் ஏதாவது கடையில வாங்கியிருப்பாருப்பா," என்றேன்.

"கஞ்சிக்கே வழியில்லாத மனுசன். அவருக்கு எதுக்கு பீங்கான் தட்டு?"

காபி ஆறிப்போனது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தட்டை மடியில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பாலத்தின் மேல் விரலை வைத்தார்.

"மூணு பேருமே பாலத்தைத் தாண்டுறாங்க, பாரு தாயி. அதான் வாங்கியிருக்காரு."