டீக்கடையைப் பார்த்து ஒரு ‘அவர்களே’

தென்காசி, 1978. பஸ் ஸ்டாண்டு எதிரே கொத்தடிமை ஒழிப்புக் கூட்டம் நடக்கிறது. செங்கோட்டை பஸ்ஸுக்காக நிற்கும் நானும் கேட்கிறேன். ஒரு பேச்சாளர் சங்கிலி, விலங்கு, விடியல் என்று முழங்குகிறார். கடலை கொறிக்கும் கூட்டம் நிமிரவே இல்லை. அடுத்து, செங்கல் சூளையிலிருந்து மீண்டு வந்த முத்தம்மாள் மைக்கைப் பிடிக்கிறாள். முறைப்படி மேடையில் இருப்பவர்களுக்கெல்லாம் ‘அவர்களே’ போட்டுவிட்டு, எதிர் டீக்கடையைப் பார்க்கிறாள்.

“அங்கன டீ குடிக்கிற சூளை முதலாளி அவர்களே, எம் மவள எப்ப வெளிய விடுதிய?”

எல்லாத் தலையும் திரும்புகிறது.

“நழுவிவிடுவாரோ?” என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்கிறேன்.

“இம்புட்டு மரியாதையா கூப்பிட்டா எப்படி நழுவ முடியும்?” என்கிறார்.

மைக்கை வாங்க வருபவரிடம் முத்தம்மாள் சொல்கிறாள்: “பொறுங்க அண்ணாச்சி. அவுக பதில் சொல்லட்டும்.”