கல் இருந்த இடத்தில் எலுமிச்சம்பழம்

போன தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து கூரம் போகிற வழியில், எங்கள் குலதெய்வம் இருக்கிற ஏரிக்கரையில் நடந்தது இது. எழுதலாமா வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். எழுதினால் என் முட்டாள்தனம் ஊருக்கே தெரிந்துவிடும். தெரியட்டும். என்னை மாதிரி இன்னொருத்தி செய்யாமல் இருந்தால் போதும்.

முதலில் வண்டி வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரரும் பைக்கில் போகும்போது ஒரு விபத்து. பின்னால் உட்கார்ந்திருந்த எனக்குச் சிராய்ப்போடு போயிற்று. அவருக்கு இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. தறி மிதிக்க முடியாது, கிளட்ச் மிதிக்க முடியாது. தரையில் உட்கார்ந்தால் காலை நீட்டிக்கொண்டுதான் உட்காரணும். எழுந்திருக்க யாராவது கை கொடுக்கணும். இப்போது ஜரிகைக் கடை ஒன்றில் நாற்காலி போட்டு உட்காரும் வேலைக்குப் போகிறார். ஆனால் வண்டி ஓட்டும் ஆசை மட்டும் மனுஷனை விடவில்லை. கிளட்ச் இல்லாத வண்டியாகத் தேடித் தேடி, கடைசியில் ஒரு பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் பிடித்து வந்தார். எங்கள் தெருவில் அது நுழைந்தால் எதிரே சைக்கிள் வர முடியாது.

எனக்கு அதைக் கண்டாலே பயம். விபத்துக்கு அப்புறம் ஷேர் ஆட்டோவில்கூடக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறவள் நான். "கியரைப் பார்க்கிங்ல போட்டுட்டா பாறை மாதிரி நிக்கும்மா" என்று விற்றவர் எனக்குத் தைரியம் சொன்னார். ஹேண்ட் பிரேக் கொஞ்சம் தொளதொள, அப்புறமா சரி பண்ணிக்கலாம் என்றும் சொன்னார். அந்த 'அப்புறம்' வரவே இல்லை.

வண்டி வாங்கினால் குலதெய்வத்திடம் கொண்டுபோய்ப் பூஜை போடாமல் எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. வண்டி சாமியைப் பார்த்த மாதிரி நிற்க வேண்டும் என்பது வழக்கம். எங்கள் அம்மன் இருப்பது ஏரிக்கரை மேலே, வேப்பமரத்தடியில். அங்கே ஏறிப் போகிற மண் பாதை நல்ல சரிவு. அதனால் வண்டியின் மூக்கு மேலேயும் பின்பக்கம் கீழேயுமாக, பாதி சரிவில் நிறுத்தினோம். பாதையே அடைபட்டுப் போயிற்று.

நாங்கள் இரண்டு பேரும் பூசாரியும் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு ஒரு டிராக்டர் வந்தது. வழி இல்லை என்றதும் டிரைவர் டிராக்டரைக் கீழேயே ஓரம் கட்டினார். ஐம்பது வயசிருக்கும். திட்டப் போகிறார் என்று பார்த்தால், எங்கள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "இன்னாமா, சரிவுல நிறுத்திக்கினு பின்னால ஒண்ணும் வைக்கலியே?" என்றார். தலையளவு கருங்கல் ஒன்றைத் தூக்கி வந்து பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். "நீங்க நிதானமா சாமி கும்புடுங்க, எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிவிட்டு நிழலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பூஜை முழுக்க என் ராஜ்ஜியம்தான். இங்கிருந்து எல்லாத் தப்பும் என்னுடையது, எண்ணிக்கொள்ளுங்கள்.

நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கணும். மேலே வண்டியைத் திருப்ப இடமில்லை, டிராக்டருக்கு வழி விடப் பின்னால்தான் இறங்கணும் என்பதால் பழத்தைச் சக்கரத்துக்குப் பின்பக்கம் வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு சக்கரத்தில் அந்தக் கல் இருந்தது. சாமிக்கு வைக்கிற இடத்தில் கல்லுக்கு என்ன வேலை என்று அதைப் புரட்டிப் புரட்டி ஓரமாகத் தள்ளிவிட்டு, அங்கே எலுமிச்சம்பழத்தை வைத்தேன். வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன் வேறு.

அப்புறம் சந்தனம், குங்குமம். ஸ்டியரிங்குக்கு வைத்தேன், கியருக்கும் வைத்தேன். உடைத்த தேங்காயின் தண்ணீரைச் சொம்பில் பிடித்திருந்தேன். கியர் மேல் இரண்டு சொட்டுத் தெளிக்கலாம் என்று சாய்த்தால், பாதிச் சொம்பு உள்ளே கொட்டிவிட்டது. "ஏய், உள்ள ஊத்தாதடி!" என்று அவர் கத்தினார். "சாமிக்கு உடைச்ச தண்ணிதானே, ஒண்ணும் ஆவாது" என்று நான் அவர் வாயை அடைத்தேன்.

கற்பூரம் காட்டி முடித்துப் பூசாரி தட்டோடு ஊருக்குள் இருக்கிற கோயிலுக்குத் திரும்பிவிட்டார். இவர் ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தார். இன்ஜின் ஓடியது. பிரேக்கை மிதித்துக் கியரை இழுத்தார். வரவில்லை. பட்டனை அழுத்தி இழுத்தார், ஆட்டிப் பார்த்தார், இன்ஜினை நிறுத்தித் திரும்பவும் போட்டுப் பார்த்தார். பார்க்கிங்கை விட்டு இம்மிகூட நகரவில்லை. கீழே டிராக்டர்காரர் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அந்தப் பொறுமையே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிரேக் லைட் எரியாவிட்டால் இந்த மாதிரி வண்டியில் கியர் வராது என்று யாரோ சொன்னது இவருக்கு ஞாபகம் வந்தது. இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் திருப்பி வைத்தார். என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். "சும்மா மிதி, வண்டி எங்கியும் போவாது. நான் பின்னால பாக்கறேன்" என்றார். அந்த சீட்டில் நான் உட்காருவது அதுதான் முதல் தடவை. மிதித்தேன். "எரியல" என்று பின்னாலிருந்து குரல். ஆறேழு தடவை மிதித்திருப்பேன். இன்ஜின் ஓடாததால் மிதிக்க மிதிக்க பெடல் மரக்கட்டை மாதிரி இறுகிக்கொண்டே வந்தது. "இரு, ஒயரைப் பாக்கறேன்" என்று அவர் சொன்னது கேட்டது. பம்பருக்கு அடியில் பார்க்க அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார், காலை வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டு. அது எனக்குத் தெரியாது.

இதற்கிடையில் நான் போனில் தேடி ஒரு வீடியோ பார்த்திருந்தேன். கியர் பக்கத்தில் ஒரு சின்ன மூடி இருக்கும், அதைத் திறந்து ஸ்க்ரூ டிரைவரால் அழுத்தினால் கியர் வந்துவிடும் என்று அதில் ஒருத்தர் செய்து காட்டினார். முதலில் ஏதோ நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். அதைத் தள்ளிவிட்டுப் பார்த்தேன். இங்கேயும் அதே மாதிரி மூடி இருந்தது. எனக்கு வந்ததே ஒரு வீரம்! எப்போது பார்த்தாலும் பயந்தாங்கொள்ளி என்று கிண்டல் செய்கிற மனுஷனுக்கு, கியரை எடுத்துக் காட்டி ஆச்சரியம் கொடுக்கலாம் என்று தோன்றியது.

குனிந்தால்தான் மூடி தெரிந்தது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன். காலைச் சீட்டில் மடக்கிக்கொண்டு பக்கவாட்டில் திரும்பினேன். ஜாக்கெட்டிலிருந்த ஊக்கைக் கழற்றி மூடியை நெம்பி, டூல்ஸ் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை உள்ளே விட்டு அழுத்தி, கியரை இழுத்தேன். வெண்ணெய் மாதிரி நியூட்ரலுக்கு வந்தது.

"ஏங்க, வந்துடுச்சு!" என்று கத்தினேன்.

கத்தி முடிப்பதற்குள் முன் கண்ணாடியில் தெரிந்த வேப்பமரம் விலகிப் போக ஆரம்பித்தது. மரம் ஏன் போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் அவரைத் தேடினேன். அவர் இல்லை. "ஏ... ஏ..." என்று ஒரு சத்தம் வந்தது, பாதியிலேயே நின்றுபோனது.

மடக்கிய கால் புடவையில் சிக்கிக்கொண்டது. இழுத்துப் பறித்துப் பிரேக்கில் வைத்தேன். அது இறங்கவே இல்லை. இரண்டு காலையும் வைத்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதித்தேன். வண்டி குலுங்கி நின்றது.

"ஏங்க" என்றேன். பதில் இல்லை. "ஏங்க! ஏங்க!" பதில் இல்லை. ஓடிப்போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் காலை எடுத்தால் வண்டி மறுபடி உருளும். உருண்டால் அவர் மேல்தான் உருளும். ஒருவேளை ஏற்கெனவே உருண்டுவிட்டதோ? கியரை மறுபடி பார்க்கிங்கில் தள்ளலாம் என்கிற புத்திகூட அப்போது வரவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே பயம். அவரைக் கொன்றுவிட்டேன், நானே கொன்றுவிட்டேன் என்று மனசு திரும்பத் திரும்பச் சொன்னது. பைக்கிலிருந்து விழுந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை. அன்றைக்கு அவர் முனகிய சத்தமாவது கேட்டது. இன்றைக்கு அதுவும் இல்லை. அம்மன் எதிரே, பத்தடி தூரத்தில், மஞ்சள் புடவையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடக்கூட எனக்கு வாய் வரவில்லை.

பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. 'டக்'கென்று சக்கரத்தில் ஏதோ மோதியது. ஜன்னலில் டிராக்டர்காரரின் முகம்.

"காலை எடுக்காத. எடுக்கவே எடுக்காத. அப்படியே இரு" என்றார். உள்ளே கையை விட்டு, கியரைப் பார்க்கிங்கில் தள்ளினார். சக்கரத்துக்கு வேறொரு கல் வைத்திருந்தார். "இப்ப எடு."

எடுக்க முடியவில்லை. கால் என் பேச்சைக் கேட்கவில்லை. "அவரு..." என்றேன்.

"உயிரோட கீறாருமா. இரு, இழுக்கறேன்."

அவர் போய் என் வீட்டுக்காரரை அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தார். நான் எப்படி இறங்கினேன் என்று ஞாபகமில்லை. வண்டி பின்னால் வந்தபோது பம்பர் இவர் தோளில் முட்டி மல்லாக்கத் தள்ளியிருக்கிறது. உயரமான வண்டி என்பதால் அவர் மேலாகவே வந்திருக்கிறது. மூச்சு அடைத்துப் போய்ப் பேச முடியாமல் கிடந்திருக்கிறார். மடங்காத அந்தக் காலுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை. நசுங்கிய எலுமிச்சம்பழம் அவர் வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

டிராக்டர்காரர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நான் வச்ச கல்லு எங்கமா போச்சு?" என்று கேட்டார்.

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார். நான் ஓரத்தைக் கை காட்டினேன். அவர் கல்லைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். டிராக்டருக்குப் போய்த் தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து இவருக்குக் கொடுத்தார். அப்புறம் கல்லை எடுத்துவிட்டு, அவரே ஏறிப் பிரேக்கில் கால் வைத்து, அந்த மூடியை அழுத்தி, கியரை எடுத்து, வண்டியைப் பதமாகக் கீழே இறக்கித் தந்தார். பழைய ஆட்டோமேட்டிக் வண்டி எல்லாம் ஓட்டியிருக்கிறாராம், சென்னையில் ஒரு வீட்டில் டிரைவராக இருந்தபோது. பேரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இவர் தோளில் பெரிய ரத்தக்கட்டு. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தோம், எலும்புக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் அழுத அழுகையைப் பார்த்து அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார்.

மெக்கானிக் கியரைச் சுற்றிக் கழற்றிப் பார்த்தார். தேங்காய்த் தண்ணீர் உள்ளே இறங்கி ஃபியூஸ் போயிருந்தது. பிரேக் லைட்டுக்கும் அதே ஃபியூஸ். பிரேக்கை மிதித்தது வண்டிக்குத் தெரியாததால் கியரை விடவில்லையாம். "வண்டி கெட்டுப் போவலமா. பிரேக்ல கால் இல்லாம கியர் வரக்கூடாதுன்னுதான் அந்தப் பூட்டே. நீ அதைத்தான் குத்தித் தொறந்துட்டே" என்றார். அன்றிரவு அந்த வீடியோவை முதலிலிருந்து பார்த்தேன். நான் தள்ளிவிட்ட பேச்சில் அந்த மனுஷன், பிரேக்கிலிருந்து காலை எடுக்காமல் அழுத்துங்கள் என்றுதான் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

ஹேண்ட் பிரேக்கை மறுநாளே சரி செய்தோம். வண்டியை விற்கவில்லை, அவர்தான் ஓட்டுகிறார். அவர் வெளியே இறங்கி நின்றால், எங்கே நிற்கிறார் என்று கண்ணால் பார்க்காமல் நான் உள்ளே எதையும் தொடுவதில்லை. பயந்தாங்கொள்ளி என்று இப்போதும் கிண்டல் செய்கிறார், செய்யட்டும். முன்பெல்லாம் இந்தப் பயத்தைப் போக்கு தாயே என்று அம்மனிடம் வேண்டிக்கொள்வேன். இப்போது அது கடைசி வரைக்கும் என்னோடு இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.