அடிக்கட்டையை மாற்றியவர்

காட்டுக்காவலர் அசனாலி குதிரையேறி வீட்டை விட்டுப் போனது 1996 அக்டோபர் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. மேல்காட்டிலிருந்து ரம்பச் சத்தம் வருவதாகச் சொல்லிக்கொண்டே துப்பாக்கியை எடுத்தார். அவர் மனைவி சைனத் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைத்து மாவுத்துண்டுகளைப் பொரித்துக்கொண்டிருந்தாள். வியாழன்தோறும் கிர்கிஸ் மலையூரான ஜிர்கலானில் எல்லா வீட்டிலும் போர்சோக் பொரியும். எண்ணெய் வாசனைதான் இறந்தவர்களுக்குச் சாப்பாடு. வாசனை எழுந்த பிறகு அவர்கள் பெயர்களைச் சொல்லி துஆ ஓதிவிட்டுத்தான் உயிரோடிருப்பவர்கள் கை வைக்க வேண்டும். அசனாலி சூட்டோடு ஒன்றை எடுத்து வாயில் போட்டார்.

"செத்தவங்களுக்கு முந்தி உங்களுக்கு என்ன அவசரம்?" என்று சைனத் கரண்டியால் அவர் கையில் ஒரு தட்டு தட்டினாள்.

"அவங்க மோந்து பாக்கட்டும். மெல்ற வேலைய நான் பாத்துக்கறேன்."

எட்டு வயது மகன் மெலிஸ் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

மூன்றாம் நாள் குதிரை மட்டும் திரும்பி வந்தது. அதன் காலில் சிக்காதபடி கடிவாள வாரைச் சேணத்தின் முன்கொம்பில் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. "இது மனுஷன் போட்ட முடிச்சு" என்று சைனத் வருவோர் போவோரிடமெல்லாம் காட்டினாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஆற்றோரம் தொப்பி கிடைத்திருந்தது. அது போதும் என்றார்கள். பனி இறங்கிவிட்டது. அடுத்த இலையுதிர்காலத்தில் ஊர் ஒன்றுகூடி, ஆறு கொண்டுபோய்விட்டதென்று முடிவு செய்தது. உடல் இல்லாமலே ஜனாஸாத் தொழுகை நடந்தது. அந்தக் குதிரையையே அறுத்து ஆண்டு விருந்து போட்டார்கள். இடுகாட்டில் ஒரு கருங்கல் நட்டு, அதில் அசனாலியின் முகத்தைச் செதுக்கி வைத்தார்கள். சைனத் காட்டோரம் இருந்த தங்கள் மரவீட்டின் கதவிலும் ஜன்னல்களிலும் பலகை அறைந்துவிட்டு மகனோடு கீழே ஊருக்குள் போனாள். இன்னும் பதினெட்டு வருடம் இருந்தாள். ஒருநாளும் மேலே ஏறிப் பார்த்ததில்லை. இப்போது அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

இதையெல்லாம் பெகிமாய் காதால் கேட்டுத்தான் தெரிந்துகொண்டாள். நாரின் பக்கத்துப் பெண் அவள். ஐந்து அக்காதங்கைகளோடு ஒரே கம்பளத்தின் கீழ் படுத்து வளர்ந்தவள். இருபத்தொரு வயதில் மெலிஸைக் கல்யாணம் செய்துகொண்டு மாஸ்கோ போனாள். நிலத்தடித் தையல்கூடம் ஒன்றில் பதினோரு வருடம் கோட்டுகளுக்குக் காலர் தைத்தாள். அவளும் மெலிஸும் குடித்தனம் நடத்தியது ஒரு திரைச்சீலைக்கு இந்தப்புறம். அந்தப்புறம் இரண்டு குடும்பங்கள். கதவு என்று ஒன்றை அவள் தன் கையால் சாத்தியதே இல்லை. ஆகவே 2022 வசந்தத்தில் ஊர் திரும்பியபோது, மெலிஸுக்குச் சொந்தமாக இருப்பது அந்த மரவீடு ஒன்றுதான் என்று தெரிந்ததும் அவள் தயங்கவில்லை.

"பேய் இருக்குன்னு சொல்றாங்க" என்றான் மெலிஸ்.

"பேய் வாடகை கேக்குமா?"

"கேக்காது."

"திரைக்கு அந்தப் பக்கம் குறட்டை விடுமா?"

"தெரியல."

"அப்பப் போய்ப் பாத்துடுவோம்."

மே மாதம் பலகைகளைப் பிடுங்கினார்கள். ஒவ்வோர் ஆணியும் துருவேறி அசையாமல் இருந்தது. இருபத்தைந்து வருடமாக யாரும் அதைத் தொடவில்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. கதவு திறந்ததும் பெகிமாய் முதலில் உள்ளே காலை வைத்தாள். தூசி, எலிப்புழுக்கை, சிலந்தி வலை எல்லாம் எதிர்பார்த்ததுதான். அடுப்போரம் விறகுப்பெட்டி நிரம்பியிருந்தது.

"அம்மா பிளந்து வச்சது" என்றான் மெலிஸ்.

பெகிமாய் ஒரு விறகைத் திருப்பிப் பார்த்தாள். பிளந்த முகம் வெளுப்பாகவே இருந்தது. மோந்து பார்த்தாள். பிசின் மணம் இன்னும் போகவில்லை. அதைத் திரும்பப் பெட்டியிலேயே போட்டாள்.

வடக்குச் சுவரின் அடிக்கட்டைதான் அவர்களுக்குப் பெரிய கவலை. அந்த வீட்டில் வெயில் படாத பக்கம் அது. நிலத்தில் பதிந்த கட்டை உளுத்தால் மேலே உள்ள சுவர் மொத்தமும் உட்கார்ந்துவிடும். பள்ளத்தாக்கில் ஆடு மேய்க்கும் துர்குனிடம் இரண்டு ஜாக்கி இரவல் வாங்கி வந்து, மெலிஸ் சுவரடியில் மண்ணைத் தோண்டினான். தோண்டியவன் கடப்பாரையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அடிக்கட்டை திடமாக இருந்தது. தார் பூசியிருந்தது. மேலே இருந்த கட்டைகளெல்லாம் சாம்பல் நிறம். இது மட்டும் தேன் நிறம்.

"நம்ம வேல மிச்சம்" என்றாள் பெகிமாய். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. சுவரைத் தூக்கி நிறுத்தித்தான் அதை மாற்றியிருக்க முடியும். ஆணி ஒன்றுகூட அசையாத வீட்டில் அந்த வேலையைச் செய்தது யார்?

அதற்கப்புறம் எதைப் பழுதுபார்க்கப் போனாலும் அதில் பாதி ஏற்கெனவே முடிந்திருந்தது. கூரையின் பின்சரிவில் ஏழெட்டுப் பலகைகள் புதிது. ஊரிலிருந்து பார்த்தால் தெரியாத சுவர்களில் மட்டும் கட்டை இடுக்குகளில் குளிர்காற்று புகாதபடி பாசி திணித்திருந்தது. சுவரில் ஒட்டியிருந்த பழைய செய்தித்தாள்களைப் பெகிமாய் ஈரத்துணி வைத்து உரித்தாள். 1978, 1989, 1994. அடுப்புக்குப் பின்மூலையில் ஒரு தாளில் 2009 மார்ச் என்றிருந்தது. அன்று மாலையே நிலவறைக்குப் போகும் பின்பக்கத்தில், ஒரு குட்டைக் கட்டை மேசை இழுப்பறைபோல வெளியே வந்தது. ஓர் ஆள் தவழ்ந்து நுழையும் இடம் அதன் பின்னால்.

மூன்றாம் நாள் மெலிஸ் அடிக்கட்டையின் மூலை வெட்டைத் தடவிக்கொண்டே சொன்னான். "இடதுபக்கம் சாயுது பாரு. எங்கப்பா இடதுகைக்காரர்."

"ஏங்க, அவருக்குக் கல்லு நட்டிருக்கு."

"கல்லுக்கடியில என்ன இருக்கு? மண்ணு."

அன்றோடு அவன் வேலையை நிறுத்தினான். பழைய அடுப்பை இடித்துப் புதிது கட்டுவதாக இருந்தது. அதைத் தொட மாட்டேன் என்றான். "வீட்டுக்காரர் உசுரோட இருக்கும்போது அவர் அடுப்ப நான் எப்படி இடிக்கறது?"

"அப்ப நாம யாரு? குடிவந்தவங்களா?" என்றாள் பெகிமாய். "செப்டம்பர் கடைசில பனி விழும். இந்த அடுப்பு புகை கக்குது. முடிக்கலேன்னா மறுபடி மாஸ்கோதான், அந்தத் திரைதான். அவரு இருந்தா வரட்டுமே. வந்து உக்காரட்டும், டீ ஊத்தறேன். இப்படிச் சுவத்துக்குள்ள இருந்தா நான் என்ன செய்ய?"

ஜூலையில் ஜன்னல் கண்ணாடி வாங்கக் கரகோல் நகரத்துக்குப் போய், இரண்டு நாள் கழித்துத் திரும்பினார்கள். நல்ல உச்சிவெயில். முன்சுவரில் பெகிமாய் நான்காவது கட்டை வரை பாசி அடைத்துவிட்டுப் போயிருந்தாள். இப்போது ஆறாவது கட்டை வரை அடைத்திருந்தது. அவள் அடைத்ததைவிட நெருக்கமாக, முறுக்கிய கயிறுபோல ஒரே சீராக. அவள் தரையில் போட்டுவிட்டுப் போன கொட்டாப்புளி கதவருகே ஆணியில் தொங்கியது. பாசி இன்னும் ஈரம்.

மெலிஸ் காட்டைப் பார்த்து "அப்பா!" என்று கத்தினான். ஊசியிலை மரங்கள் அந்தச் சத்தத்தை விழுங்கிக்கொண்டன.

பெகிமாய்க்குக் கூப்பிடவும் வழியில்லை. மருமகள் மாமனாரின் பெயரை வாயால் சொல்லக் கூடாது. வாழ்நாள் முழுக்க அது உண்டு. அவர் இறந்த பிறகும் உண்டு. துணி காயப்போடும்போதும் தண்ணீர் மொள்ளும்போதும் பிடரியில் ஒரு பார்வை விழுவதுபோல இருந்தது. திரும்பினால் மரங்கள்தான். வியாழக்கிழமைகளில் எண்ணெய் வைத்தாள். துஆ ஓத உட்கார்ந்த மெலிஸ் தாயின் பெயரைச் சொன்னான், தாத்தாக்களின் பெயரைச் சொன்னான், தந்தையின் பெயருக்கு வந்ததும் நின்றான். சொன்னால், சுவரில் பாசி அடைப்பது யார்? சொல்லாமல் விட்டால், இத்தனை வருடம் அத்தனை வீடுகளும் அந்தப் பெயருக்கு ஊட்டிய வாசனை யாருக்குப் போனது?

ஆகஸ்டில் ஒருநாள் துர்குன் குதிரையில் பால் கொண்டுவந்தார். அறுபது வயது. வலது கால் விந்தல். எந்தச் சாவு வீட்டிலும் ஒரு வேடிக்கை சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவார்.

"என்ன மருமகளே, வீடு கட்டறியா, கூடு கட்டறியா? மாஸ்கோவுல பத்து மாடி ஏறினவங்களுக்கு இது பத்துமா?"

"நாங்க பத்து மாடி ஏறல மாமா. ஒரு மாடி இறங்கினோம். நிலவறை."

"அப்பச் சரி, இங்கயும் நிலவறை இருக்கு." சிரித்துக்கொண்டே கிண்ணத்தை வாங்கினார். அப்போது மெலிஸ் அடிக்கட்டையைப் பற்றியும், பாசியைப் பற்றியும் சொன்னான். இடதுபக்கம் சாயும் வெட்டு என்றதும் துர்குன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"இடதுபக்கமா?"

"ஆமா."

துர்குன் தன் வலது முழங்காலைத் தடவினார். "இது குதிரை தள்ளி ஒடிஞ்ச காலுன்னு ஊருக்கே சொல்லிருக்கேன். குதிரை பாவம், அதுக்கு வாயா இருக்கு? உங்கப்பா சுட்ட காலு தம்பி இது. அன்னைக்கு ரம்பம் போட்டது நான்தான். ஓடினேன், சுட்டாரு. விழுந்தவன் பயத்துல மூச்ச அடக்கிக்கிட்டுக் கிடந்தேன். அவர் வந்து குனிஞ்சு பாத்தாரு. அந்த மூஞ்சி இன்னும் என் கண்ணுல நிக்குது. நான் செத்துட்டேன்னு நெனச்சுட்டாரு. குதிரைய வீட்டுப் பக்கம் திருப்பி விட்டுட்டுக் கணவாய்ப் பக்கம் நடந்தாரு."

"இருபத்தாறு வருஷம்..." என்று மெலிஸ் எழுந்தான்.

"மொதல்ல ஜெயிலுக்குப் பயந்தேன். வந்துருவாரு, வந்துருவாருன்னு பாத்தேன். அதுக்குள்ள ஊரு ஜனாஸா தொழுதுருச்சு. தொழுதப்புறம் உசுரோட இருக்காருன்னு எப்படிச் சொல்றது? கல்லு நட்டாங்க. அப்புறம் அது எப்படி? அந்தக் குதிரைக் கறிய நானும் தின்னேன். எனக்குத் தொண்டையில எறங்கல. ஆனா தின்னேன்."

மெலிஸ் அவர் சட்டையைப் பிடித்துத் தூக்கிவிட்டான். பெகிமாய்தான் நடுவில் புகுந்து கையைப் பிரித்தாள். அடிக்க நினைப்பவனைத் தடுத்தபோதே அவளுக்கு ஒன்று விளங்கியது. சுவருக்கு வெளியே ஒளிந்து திரிபவர் பேய் இல்லை. கொலைசெய்ததாக நம்பிக்கொண்டிருக்கும் ஒரு கிழவர். ஒருவேளை எப்போதோ இறங்கிவந்து, இடுகாட்டில் தன் முகத்தையே கல்லில் பார்த்துவிட்டு, செத்தவனாகவே இருந்துவிடலாம் என்று திரும்பியிருப்பார்.

"மாமா, வர்ற வியாழன் எங்க வீட்டுல சாப்பாடு உங்களுக்கு. காலையிலயே வந்துடணும். சாயங்காலம் வரைக்கும் போகக் கூடாது."

"எனக்கா? நான் சொன்னதக் கேட்டப்புறமுமா?"

"நீங்க சாப்பிடறத ஒருத்தர் பாக்கணும்."

அந்த வியாழன் பெகிமாய் எண்ணெய் வைக்கவில்லை. ஆடு அறுத்து, காடு பார்த்த முற்றத்தில் கம்பளம் விரித்தாள். துர்குன் தனியே நடுவில் உட்கார்ந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "எனக்கு என்னமோ என்னையே பலிக்கு வச்ச மாதிரி இருக்கு மருமகளே."

"சத்தமாப் பேசுங்க. எந்திரிச்சு நடங்க. நொண்டிக் காட்டுங்க."

எழுந்தார். விறகு பிளந்தார். காட்டைப் பார்த்து, "அசனாலி அண்ணே! நான் சாகல! திருட்டு நாய்க்கு ஆயுசு கெட்டி!" என்று கத்தினார். கத்தியவர் அப்படியே உட்கார்ந்து அழுதார். மாலை வரை மரங்களுக்கிடையில் ஒன்றும் அசையவில்லை. ஒருமுறை துர்குனின் குதிரை காதுகளை நிமிர்த்தி, மேட்டைப் பார்த்து மெல்லக் கனைத்தது. பழகியவர்களைக் கண்டால் கனைப்பதுபோல. அவ்வளவுதான்.

மறுநாள் காலை தண்ணீர் எடுக்கப் பின்பக்கம் போன பெகிமாய் குடத்தை வைத்துவிட்டு மெலிஸைக் கூப்பிட்டாள். இழுப்பறைபோல வந்த அந்தக் குட்டைக் கட்டை இப்போது அசையவில்லை. இரண்டு பக்கமும் மரமுளை அடித்து இறுக்கியிருந்தது, வெளியிலிருந்து. இடுக்கில் புதுப் பாசி.

மெலிஸ் அந்தக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். பிறகு உள்ளே போய்ப் பழைய அடுப்பை இடிக்கத் தொடங்கினான்.

கணவாய் வரை இரண்டு முறை ஏறித் தேடினான். அணைந்த நெருப்பின் தடம் ஒன்று இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் கசாக் எல்லை. இடுகாட்டுக் கல்லின் முகத்தை ஒரு கம்பளித்துண்டால் மூடிக் கட்டினான். அதற்காக ஊரில் ஒரு மாதம் சண்டை நடந்தது. பனி விழுமுன் அடுப்பு முடிந்தது. அடுத்த கோடையில் மலையேறுபவர்கள் தங்க ஓர் அறையை ஒதுக்கி, சாலையோரம் கைபேசி எண் எழுதிய பலகையும் வைத்தார்கள்.

ஆனால் பெகிமாய் கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் கை ஒருகணம் நின்றது. அவர் வீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாரா, இவர்கள் விரட்டிவிட்டார்களா? முளை அடித்தது விடைபெறுவதற்கா, கோபத்திலா? யாரைக் கேட்பது? மூன்று குளிர்காலம் அவள் கதவைத் தாழ்போடாமலே படுத்தாள்.

2025 ஏப்ரலில், கைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் மேட்டில் பெகிமாய் நின்றபோது, தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல்செய்தி வந்திருந்தது. கசாக் மொழியில் ஒரு நடுத்தர வயதுப் பெண்.

"வணக்கம்மா, எல்லைக்கு இந்தப் பக்கம் நரின்கோல்கிட்டேருந்து பேசறேன். எங்க பட்டில ரொம்ப வருஷமா ஆடு மேய்ச்ச பெரியவர் போன வெள்ளிக்கிழமை தவறிட்டார். முறையா அடக்கம் பண்ணிட்டோம். கடைசி நாள்லதான் நெசப் பேரச் சொன்னாரு, அசனாலின்னு. உங்க நம்பரத் தீப்பெட்டி அட்டையில எழுதி வச்சிருந்தாரு. மகன்கிட்ட சொல்ல வெக்கமா இருக்கு, மருமககிட்ட சொல்லுன்னாரு. அவர் சொன்னத அப்படியே சொல்றேன். கிழக்கு மூலையில கூரையத் தாங்குற ரெண்டாவது உத்தரம் உளுத்திருக்கு. நான் மாத்தணும்னு இருந்தேன், நேரம் கெடைக்கல. இன்னொரு பனிய அது தாங்காது. பச்ச மரம் போடாத, ஒரு வருஷம் காஞ்சதாப் பாத்துப் போடு. உன் வீடும்மா, நீதான் பாத்துக்கணும்."